அம்மா ஏன் அதே தொடர்கதையை மறுபடியும் படிக்கிறார்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். மதுரையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் சந்தேகத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருடைய தாயாருக்கு வயது 82. பள்ளிப் பருவத்திலிருந்தே கல்கி வார இதழைப் படித்து வந்தவர். 2020இல் அச்சு இதழ் நின்றுபோன பிறகு, முன்பு வாராவாரம் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகளையே திரும்பத் திரும்பப் படிக்கிறாராம். ‘முடிவு தெரிந்த கதையையே படிக்கிறாரே, இது மறதியின் அறிகுறியா? டேப்லெட் வாங்கிக் கொடுத்தும் தொட மறுக்கிறார். பழுப்பேறிய அந்தத் தாள்களை வீட்டில் வைத்திருக்கத்தான் வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

மறதி குறித்த கவலைக்கு உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. படித்ததே நினைவில்லாமல் புதுக்கதை என்று எண்ணிப் படித்தால், அல்லது சற்றுமுன் கேட்டதையே மறுபடி மறுபடி கேட்டால், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியதுதான். உங்கள் அம்மாவோ அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும், அதற்கு என்ன படம் போட்டிருந்தார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்துகொண்டே படிப்பது மறதி ஆகாது. அது முதுமைக்கு மட்டுமே வாய்க்கிற ஒரு வாசிப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் அடிக்கடி எடுப்பது ‘குறிஞ்சி மலர்’ என்று குறிப்பிட்டிருப்பதால் அதையே வைத்து விளக்குகிறேன். நா. பார்த்தசாரதி ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் 1960 வாக்கில் கல்கியில் எழுதிய தொடர் அது. அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு அந்தக் கதை குடும்பங்களுக்குள் புகுந்திருந்தது. அப்போது உங்கள் தாயாருக்குப் பதினெட்டு வயது இருந்திருக்கும். பூரணியும் அரவிந்தனும் சேர்வார்களா என்ற ஒரே கேள்வியோடு ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்பார். மற்ற வரிகளெல்லாம் அந்த அவசரத்தில் கண்ணில் பட்டும் படாமலும் போயிருக்கும். அரவிந்தன் இறந்துவிடுவான் என்பது இன்று அவருக்குத் தெரியும். ஆகவே அவன் பேசும் ஒவ்வொரு சொல்லிலும் நின்று படிக்கிறார். தந்தையை இழந்த பூரணி தம்பி தங்கையரை வைத்துக்கொண்டு வீட்டை நடத்தும் பகுதிகள், தாமே ஒரு குடும்பத்தைக் கட்டி இழுத்த பிறகு, வேறு கனத்தோடு அவர் மனத்தில் இறங்கும். தாள் பழையதாக இருக்கலாம். படிக்கிறவர் பழைய ஆள் இல்லையே.

ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே முதுமையில் அதிகமாகவும் தெளிவாகவும் நினைவுக்கு வருகின்றன என்று உளவியல் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் படித்த இதழைத் திறக்கும்போது கதையோடு அந்தக் காலமும் சேர்ந்து வருகிறது. பைண்டு செய்த தொகுப்பை நீங்களே ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அத்தியாயம் முடிகிற தாளின் பின்பக்கத்தில் ஒரு தலைவலி மருந்து விளம்பரம் இருக்கும், அல்லது வேறொரு சிறுகதையின் நடுப்பகுதி தலையும் வாலும் இல்லாமல் நிற்கும். ஓரத்தில் யாரோ பென்சிலால் பால் கணக்குப் போட்டிருப்பார்கள். புத்தகக் கடையில் வாங்கும் நாவலில் இவை எதுவும் கிடையாது. டேப்லெட்டை அவர் விலக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி உண்மையிலேயே பயனுள்ளது. புதியவற்றைப் படிக்க அது பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் வற்புறுத்த வேண்டாம்.

வார இதழின் அளவும் முதுமைக்கு இசைவானது. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வந்தபோது, ஓர் அத்தியாயம் ஒரே அமர்வில் படித்து முடிக்கிற அளவில்தான் அமைந்திருந்தது. அன்றாட வேலைகளுக்கு நடுவே படிக்கிற வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட அளவு அது. மதியத் தூக்கம் கலைந்து காப்பி குடித்தபின் அரை மணி நேரம் உட்காரும் ஒரு முதியவருக்கும் அதே அளவு போதுமானதாக இருக்கிறது. கண் சோர்வதற்குள் அத்தியாயம் முடிந்துவிடுகிறது, முடிகிற இடத்தில் நாளைக்கு ஓர் ஆவலும் மிஞ்சுகிறது. ஒரு நாளை எதிர்பார்ப்பதற்குக் காரணம் கிடைப்பது அந்த வயதில் சாதாரண விஷயமா?

ஆகவே தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், தயவு செய்து. மரக்கூழை அரைத்துச் செய்த மலிவான தாள் என்பதால், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மாறி, தாள் பழுத்து நொறுங்குகிறது. அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள். துருப்பிடித்த பின்களை எடுத்துவிட்டு நூலால் தைக்கச் சொல்லுங்கள். கிழிசலில் செலோ டேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் அந்தப் பசையே எழுத்தைத் தின்றுவிடும். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று அவ்வப்போது தட்டிப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். இருபது வயதுக் கண்ணோடு ஒப்பிட்டால் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் சென்று சேர்கிறது என்பார்கள். எண்பதில் இன்னும் குறையும். பழுத்த தாளில் மங்கிய மையைப் படிக்கிறவருக்குக் கூரையிலுள்ள ட்யூப்லைட் போதாது. தோளுக்குப் பின்னாலிருந்து தாளின்மேல் விழும்படி ஒரு விளக்கு வையுங்கள். கண்புரை இருக்கிறதா என்று பரிசோதித்து, கண்ணாடியின் பவரையும் சரிபார்த்துவிடுங்கள். பைண்டு கனமாக இருந்தால் மணிக்கட்டு வலிக்கும். பாராயணத்துக்கு வைக்கிற சிக்குப் பலகை வீட்டில் இருந்தால் அதன்மேல் விரித்து வைத்துக் கொடுக்கலாம். கண் மிகவும் சோர்ந்த நாளில் பேரப்பிள்ளை ஓர் அத்தியாயத்தை வாய்விட்டுப் படிக்கட்டும். வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டதும் அந்தக் காலத்து வழக்கம்தான்.

கடைசியாக, தொகுப்பில் ஓர் இதழ் விடுபட்டிருப்பதாக அம்மா பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அத்தியாயம் அச்சுப் புத்தகத்தில் எளிதாகக் கிடைத்துவிடும். ஆனால் அவர் தேடுவது அந்த வாரத்துப் பக்கத்தை, அதிலிருந்த படத்தோடு. முன்னும் பின்னும் உள்ள இதழ்களின் தேதிகளைக் குறித்துக்கொண்டு, சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் கன்னிமாரா நூலகத்திலும் விசாரியுங்கள். பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாத்து வருகிற இடங்கள் அவை. இதழ் அங்கே இருந்தால், அந்தப் பக்கங்களுக்கு நகல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கிடைத்தால் அதே அளவுத் தாளில் அச்சிட்டு, பைண்டில் அதற்குரிய இடத்திலேயே சேர்த்துக் கொடுங்கள்.