வியாழக்கிழமைத் தாய்மார்கள்

(நாகர்கோவிலில் மனித உரிமை நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, தூத்தூர் பகுதியிலிருந்து வந்திருக்கும் அருட்தந்தையர்களே, வழக்கறிஞர் பெருமக்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே (அந்தப் பொன்னாடை விலைக்கு நல்ல பதிவேடு ஒன்று வாங்கியிருக்கலாம் என்பதை அன்போடு சொல்லி வைக்கிறேன்), எல்லாருக்கும் முன்னதாக வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

அர்ஜென்டினாவின் மாயோ சதுக்கத் தாய்மார்கள் அமைப்பைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அது பிறந்த விதம், பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார், பின்னர் நடந்த வழக்குகள்.

1976 மார்ச் 24 அன்று அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் இரவோடிரவாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். தேடிப்போன பெற்றோரிடம் அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்று கைவிரித்தார்கள். அசுசேனா வில்லாஃப்ளோர் என்ற தாயின் மகன் பிடிபட்ட நாள் நவம்பர் 30. அந்தத் தேதியை இம்மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2017-இல் அதே நாளில்தான் ஒக்கிப் புயல் நம் கடலைப் புரட்டிப் போட்டது.

1977 ஏப்ரல் 30 அன்று அசுசேனாவும் வேறு சிலருமாகப் பதினான்கு பெண்கள், புவெனஸ் ஐரிஸ் நகரில் அரசு மாளிகைக்கு எதிரே உள்ள மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். அன்று சனிக்கிழமை, சதுக்கத்தில் ஈ காக்கை இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் நின்று என்ன பயன் என்று பிறகு வியாழக்கிழமை பிற்பகலுக்கு மாற்றினார்கள். கூட்டம் கூடத் தடை இருந்ததால் காவலர்கள் வந்து, "நிற்கக் கூடாது, நடங்கள்" என்று விரட்டினார்கள். நடக்கத்தானே வேண்டும், நடக்கிறோம் என்று இருவர் இருவராகக் கைகோத்து, நடுவிலிருந்த நினைவுத்தூணைச் சுற்றி வந்தார்கள். ஆக, அந்த ஊர்வலத்தைத் தொடங்கி வைத்தவர்கள் காவலர்களே! ஆட்சியாளர்கள் அவர்களைப் பைத்தியக்காரிகள் என்றார்கள். பெற்ற மனம் பித்து என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்வதை அந்தத் தளபதிகள் வசையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவ்வாண்டு அக்டோபரில் லுஹான் மாதா கோயிலுக்கு நடைப்பயணம் போனபோது (வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்) ஒருவரையொருவர் அடையாளம் காண, பிள்ளைகளுக்குக் கட்டிய வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள். அதுவே அவர்களின் கொடியாயிற்று.

காணாமற்போனவனின் தம்பி என்று சொல்லிக்கொண்டு அவர்களோடு கலந்த இளைஞன் ஒருவன், உண்மையில் உளவு பார்க்க வந்த கடற்படை அதிகாரி அஸ்டிஸ். டிசம்பர் 10 அன்று, மனித உரிமை நாளில், தாய்மார் காசு திரட்டி, காணாமற்போனோர் பெயர்களை நாளிதழில் வெளியிட்டார்கள். அந்த இதழை வாங்கப் புறப்பட்ட அசுசேனா வழியிலேயே கடத்தப்பட்டார். விமானத்திலிருந்து கடலில் எறியப்பட்ட அவர் உடலைக் கடல் அந்த மாதமே கரை சேர்த்தது, பெயரில்லாமல் புதைத்தார்கள். 2005-இல்தான் தடயவியல் ஆய்வர்கள் அந்த எலும்புகள் அவருடையவை என்று உறுதி செய்தார்கள்.

கவனியுங்கள், ஆட்சி அஞ்சியது ஒரு பெயர்ப்பட்டியலுக்கு. இங்கே நம் நிலை என்ன? ஒக்கியின்போது கடலில் இருந்தவர் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கு ஒன்று, ஊர்தோறும் உள்ள பங்கு ஆலயங்களின் கணக்கு வேறு. கேரளத்துப் பிணவறைகளில் மரபணுச் சோதனை செய்து நம் பிள்ளைகளை அடையாளம் காண வேண்டியிருந்தது. அங்கே அரசே பிள்ளைகளை அழித்தது, இங்கே புயல். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் வாசலைப் பார்த்திருந்த தாய்க்கு, பெற்ற மனம் பித்து என்பது பழமொழி அன்று. அலுவலகமொன்றில் என்னிடமே, "உடல் இல்லாமல் இறந்தார் என்று எப்படி எழுதுவது?" என்று கேட்டார்கள். ஆகவேதான் அன்றிலிருந்து ஒன்றையே கேட்டு வருகிறேன்: ஒவ்வொரு கடற்கரை ஊரிலும், யார், எந்தப் படகில், எந்நாள் கடலுக்குப் போனார் என்று எழுதி வைக்கும் நிரந்தரப் பதிவேடு, அதை யாரும் புரட்டிப் பார்க்கும் உரிமை.

பாட்டிமாரைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் சொல்ல நேரமில்லை. அவைத்தலைவர் இரண்டாம் முறையாகக் கடிகாரத்தைப் பார்க்கிறார். அஸ்டிஸுக்கு 2011-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது என்பதை மட்டும் சொல்லி விடுகிறேன். பதிவேடு கேட்கும் மனுவின் படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன. கையெழுத்திடும்போது ஊர்ப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள். சென்ற முறை பாதிப் பேர் எழுதவில்லை.