சிபியூவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதே, ஏன்?

அடுத்த கேள்வி. "அண்ணா, சிபியூவின் பின்பக்கத் தகட்டில் கை பட்டால் சுர்ரென்று இழுக்கிறது, செருப்பு போட்டிருந்தால் ஒன்றும் தெரியவில்லை, எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, அவசரப்பட்டு எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது சிபியூவுக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டியை, மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள். முதலில் வீட்டு எர்த்தைப் பாருங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் நுழைகிற இடத்திலேயே இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், ஒன்று ஃபேஸிலிருந்து (கரண்ட் வருகிற ஒயர்) தகட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகிற ஒயர்) தகட்டுக்கு. எர்த் சரியாக இருந்தால் இந்தக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசிகிற கரண்ட் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் தகட்டில் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம் நிற்கும். கசிவது பெரும்பாலும் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழேதான், அதனால் சுர்ரென்பதோடு போகிறது.

சரி, சுர்ருதானே, செருப்பு போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாளைக்கே உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் உரிந்து தகட்டில் பட்டால், எர்த் இருக்கிற வீட்டில் உடனே ஃபியூஸ் போகும், இல்லாத வீட்டில் முழு 230 வோல்ட்டும் உங்கள் கை படும்வரை அப்படியே நிற்கும்.

எங்கே பார்ப்பது? பிளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்று பின்னில் பெரிய பின்தான் எர்த், அதை உடைத்துவிட்டு டூ பின் சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்களா? அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். விலை மலிவாக இருக்கிறதே என்று நானும் ஒன்று வாங்கினேன், பிரித்துப் பார்த்தால் மேலே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டே ஒயர்! இதெல்லாம் சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சாக்கெட்டில் மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய 230 காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. சில வீடுகளில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஒன்று, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சிலர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த்தில் முடுக்கிவிடுவார்கள். ஷாக் நின்றுவிடும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுத்து அனுப்புவீர்கள். என்றைக்காவது அந்த நியூட்ரல் வழியில் அறுந்தால் சிபியூ தகட்டில் முழு ஃபேஸும் வந்து உட்காரும். அப்படிச் செய்ய யாரையும் விடாதீர்கள், எர்த் ஒயரைத் தனியாக இழுக்கச் சொல்லுங்கள்.

அதுவரை கேபிள் சொருக, தூசி தட்ட என்று பின்பக்கம் கை வைப்பதற்கு முன்னால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். யூபிஎஸ்ஸில் ஓடுகிறது என்றால் சுவரில் பிடுங்கினால் போதாது, அது பேட்டரியிலிருந்து 230 கொடுத்துக்கொண்டுதான் இருக்கும், சிபியூ ஒயரை யூபிஎஸ்ஸிலிருந்தே கழற்ற வேண்டும்.