காரில் ஒட்டிய ஸ்டிக்கரை பெயிண்ட் கெடாமல் எடுப்பது எப்படி?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகப் படித்துவிடுகிறேன். "அண்ணா, நானும் கணவரும் 6 வருடம் ஓடிய சிவப்பு கார் ஒன்றை வாங்கியிருக்கிறோம். பின்கண்ணாடியில் பழைய உரிமையாளர் ஒட்டிய குடும்பப் படம், பூட் (பின்பக்கச் சாமான் பெட்டி) மேல் கார் விற்றவர்களின் பெயர், பின் பம்பரில் பெரிய ஸ்டிக்கர் ஒன்று. கண்ணாடியில் இருந்ததை பிளேடால் சுரண்டினேன். பாதி வந்தது, பசை அப்படியே நிற்கிறது. தின்னர் போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நெயில் பாலிஷ் ரிமூவர் போதும் என்கிறாள் தோழி. எது சரி?"

இரண்டும் வேண்டாம், தங்கச்சி. பிளேடையும் இப்போதைக்குக் கீழே வையுங்கள். ஸ்டிக்கர் எப்படிப்பட்டது என்று பார்க்கும் முன்னால், அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் காரிலேயே மூன்று ஸ்டிக்கர் மூன்று விதமான இடத்தில் இருக்கிறது. ஒன்று கண்ணாடி, ஒன்று இரும்புத் தகட்டின் மேல் பெயிண்ட், ஒன்று பிளாஸ்டிக்கின் மேல் பெயிண்ட். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் ஏதாவது ஒன்று கெடும்.

கண்ணாடியிலிருந்து தொடங்குவோம். அந்தக் குடும்பப் படம் வெளியே ஒட்டியிருக்கிறதா, உள்ளேயா? வெளியே நின்று நகத்தால் தடவினால் தெரிந்துவிடும். வெளியே என்றால் கவலையில்லை. கண்ணாடியை நன்றாக சோப்புத் தண்ணீரில் நனைத்து, பிளேடைப் படுத்தாற்போல் பிடித்து, ஒரே திசையில் தள்ளினால் போதும். காய்ந்த கண்ணாடியில் மட்டும் பிளேடு போடாதீர்கள், கீறல் விழும்.

உள்ளே என்றால் பிளேடு கூடவே கூடாது. பின்கண்ணாடியின் உள்பக்கம் படுக்கை வாட்டத்தில் மெல்லிய கோடுகள் ஓடுகிறதே, அவை கண்ணாடியைச் சூடாக்கும் மின்கம்பிகள். பட்டறையில் சேர்ந்த புதிதில், வாடிக்கையாளர் ஒருவரின் காரில் அந்தக் கோடு ஒன்றை நான் பிளேடால் அறுத்துவிட்டேன். கண்ணுக்கே தெரியாத வெட்டு. ஆனால் ஓர் இடத்தில் அறுந்தால் அந்தக் கோடு முழுக்க வேலை செய்யாது. சிங்கப்பூரில் அது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. மழை பெய்யும்போது ஏர்கானால் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடுபனி மாதிரி படியும், அப்போது பின்னால் வருகிற லாரி தெரியாது. வெள்ளி கலந்த பெயிண்ட் தடவி அந்தக் கோட்டை ஒட்டிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து உள்பக்கம் நான் இரும்பைக் கொண்டுபோனதில்லை.

உள்பக்கம் வெயிலைக் குறைக்கும் டிண்ட் ஃபிலிமும் இருக்கும். அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிமும் சேர்ந்து வரும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஃபிலிமைக் கெடுக்கும். டிஷ்யூவைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஸ்டிக்கர் மேல் படர விட்டு, அதன் மேல் சமையலறையில் சாப்பாட்டை மூடும் பிளாஸ்டிக் உறையை ஒட்டி, அரைமணி நேரம் விடுங்கள். காகித ஸ்டிக்கர் என்றால் ஊறிக் கூழாகிவிடும். காண்டோவில் (தனியார் அடுக்குமாடியில்) தவறான இடத்தில் நிறுத்தினால் காவலர் முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவாரே பெரிய எச்சரிக்கைத் தாள், அதற்கும் இதேதான். கோபத்தில் அங்கேயே நின்று சாவியால் சுரண்டாதீர்கள். ஓட்டுவதற்குப் பார்வை மறைக்காத அளவு மட்டும் கிழித்துவிட்டு, மீதியை வீட்டுக்கு வந்து ஊற வையுங்கள்.

அடுத்து பூட். இங்கேதான் தின்னர் விஷயம் வருகிறது. காரின் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். காரின் பளபளப்பு முழுக்க அதுதான். அதன் கனம் சுமார் 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே அதைவிடத் தடிமன். தின்னரும், நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனும் பசையைக் கரைக்கும், உண்மைதான். ஆனால் பசையோடு நிற்காது, அந்தப் பூச்சையும் இளக்கிவிடும். துடைத்த இடம் மட்டும் மங்கிப் போய், பூ விழுந்த கண் மாதிரி நிற்கும். ஹெட்லைட் மேல் பட்டால் அந்த பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விடும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தின்னர் பெயிண்ட் வேலைக்கான சாமான், ஸ்டிக்கருக்கானது இல்லை. பெட்ரோலும் வேண்டாம், அது தீயோடு விளையாடுவது.

சரி, எதுதான் செய்வது? சூடு. ஸ்டிக்கரின் பசை சூட்டில் இளகும், வினைல் தாளும் வளைந்து கொடுக்கும். இணையத்தில் எல்லோரும் ஹேர் டிரையர் என்று சொல்லிவிடுவார்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர் பலமாடி கார்ப்பேட்டையில் எங்கே போய் அதைச் சொருகுவது? புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் பிளக்கில் ஒயர் போட்டு இழுக்காதீர்கள். அது பொதுவான மின்சாரம், அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். நமக்கு அதற்கு அவசியமும் இல்லை, வெயில் இருக்கிறது. காரைத் திறந்தவெளிக் கார்ப்பேட்டையில் நிறுத்துங்கள். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணி வாக்கில். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பூட் மேல் கை வைக்க முடியாது. வானம் மூடிக்கொண்டிருந்தால் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய், துண்டை நனைத்துப் பிழிந்து இரண்டு மூன்று நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும்.

இளகியதும் ஒரு மூலையை நகத்தால் தூக்குங்கள். நகம் வராவிட்டால் பஸ், ரயிலுக்குத் தட்டும் பழைய ஈசி-லிங்க் அட்டையை மெல்லிய துணியில் சுற்றிப் பயன்படுத்தலாம். உங்களை நோக்கி நேராக மேலே இழுக்காமல், தாளைப் பின்பக்கமாக மடித்து, பெயிண்டை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். பசையும் தாளோடு சேர்ந்து வரும். வேகமாக இழுத்தால் தாள் மட்டும் வந்து பசை நின்றுவிடும். உங்கள் கண்ணாடியில் சுரண்டியபோதும் அப்படித்தான் பசை நின்றது.

மீந்த பசையை எடுக்கும்போது மட்டும் காரை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. உரிப்பது வெயிலில், பசை துடைப்பது நிழலில். சூடான தகட்டில் பசை நீக்கி மாதிரித் திரவங்கள் வேலை செய்யும் முன்னே காய்ந்துவிடும், கறையும் விழலாம். சமையல் எண்ணெயைத் துணியில் தோய்த்து 15 நிமிடம் ஒத்தி வைத்தால் பெரும்பாலான பசை உருண்டு வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கி அல்லது டபிள்யூடி-40. முதலில் கதவின் உள்விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு போட்டுப் பாருங்கள். கடைசியில் கார் ஷாம்பு போட்டுக் கழுவி, அந்த இடத்துக்கு மெழுகு போடுங்கள், பழைய மெழுகு பசையோடு போயிருக்கும். எண்ணெய்த் துணியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், வடிகாலில் அலசாதீர்கள். இந்தத் தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் விட்டது நம் குடிநீருக்கே வந்து சேரும்.

எல்லா ஸ்டிக்கரும் இவ்வளவு சுலபமாக வராது. சென்ற வருடம் ஒரு பெரியவர் வந்தார். சிஓஇயை (கார் வைத்திருப்பதற்கான 10 வருட உரிமைச் சான்றிதழை)ப் புதுப்பித்து 13 வருடமாக ஓட்டும் கார். பின்னால் முருகன் படம், வெயிலில் வெளுத்து அப்பளம் மாதிரி வெடித்திருந்தது. "தம்பி, புதுசா ஒன்னு ஒட்டணும், ஆனா இதைச் சுரண்ட எனக்கு மனசு வரலை" என்றார். பழைய வினைல் இப்படித்தான். அதை வளைய வைக்கும் பொருள் வெயிலில் வற்றிப் போய், தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். வெந்நீர்த் துண்டால் ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து, விரலகலம் விரலகலமாக எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுத்த துண்டுகளை அவர் ஒரு தாளில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவசரப்பட்டிருந்தால் அந்தப் பெயிண்டும் போயிருக்கும், அவர் மனமும் நொந்திருக்கும்.

உங்கள் கார் சிவப்பு என்றீர்கள். உரித்த பிறகு விற்றவர்களின் பெயர் நிழல் மாதிரி பூட் மேல் தெரிய வாய்ப்பு இருக்கிறது. பயப்பட வேண்டாம், அது கறை இல்லை. சுற்றியுள்ள பெயிண்ட் 6 வருடம் வெயிலில் மங்கியிருக்கிறது, ஸ்டிக்கருக்குக் கீழே இருந்தது மங்கவில்லை. பாலிஷ் போட்டால் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். ஆனால் பாலிஷ் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய பூச்சைக் கொஞ்சம் தேய்க்கிறது, அதனால் திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்களில் யாராவது புதிதாக லைசென்ஸ் எடுத்தவரா? அப்படியென்றால் புதிய ஓட்டுநர் என்று காட்ட முன்னும் பின்னும் இருக்கும் பி பிளேட்டை ஒரு வருடம் முடியும் முன்பு எடுக்கக் கூடாது. தனியார் வாடகைக் காராகப் பதிவான வண்டியில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஸ்டிக்கர் இருக்கும், அதில் கை வைத்தாலே கிழிந்து காட்டிக்கொடுக்கும்படி செய்திருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். சாலைக் கட்டணம் கழிக்கும் ஈஆர்பி கருவியையும் நீங்களே பெயர்க்க வேண்டாம்.

கடைசியாக பம்பர். உங்கள் காரில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். பம்பர் அடிபட்டு மறுபடி பெயிண்ட் அடிக்கப்பட்டிருக்கலாம். அப்படி அடித்த பெயிண்ட் பிளாஸ்டிக்கைச் சரியாகப் பிடித்திருக்காது, ஸ்டிக்கரை இழுத்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். பக்கத்துத் தகட்டோடு நிறம் ஒத்துப் போகிறதா, விளிம்பில் பெயிண்ட் தெறித்த புள்ளிகள் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், நன்றாகச் சூடாக்கி ஒரு மூலையில் அரை சென்டிமீட்டர் மட்டும் தூக்குங்கள். தாளின் அடியில் சிவப்பு ஒட்டியிருந்தால் அதோடு நிறுத்தி, அப்படியே அழுத்தி ஒட்டிவிடுங்கள். பிறகு பகல் வெளிச்சத்தில் பம்பரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, பெயிண்ட் அடிப்பவரிடம் போக வேண்டுமா, வீட்டிலேயே எடுக்கலாமா என்று சொல்கிறேன்.