வார்ப்பு வீட்டுக்குள் இருக்கும் வறுமையைக் கணக்கெடுப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வார்டில் யார் கஷ்டத்தில் இருக்கிறார்கள், போன வருஷத்தைவிட இந்த வருஷம் பிழைப்பு மேலேறியிருக்கிறதா, கீழே போயிருக்கிறதா என்பதை நீங்களே கணக்கெடுத்துத் தெரிந்துகொள்ளலாம். மகளிர் குழுவினர், வார்டு உறுப்பினர்கள், கல்லூரி மாணவர்கள் யாராலும் முடிகிற வேலைதான். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் 18,70,374 பேர். எழுத்தறிவு ஏறக்குறைய 92 சதவீதம். நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள் சுமார் 82 சதவீதம். இதைப் படிக்கிற வெளியூர்க்காரர், இங்கே வறுமை ஒழிந்துவிட்டது என்று நினைப்பார். அந்த 82 எங்கிருந்து வந்தது? இங்கே பேரூராட்சிகள் மிக அதிகம்; பேரூராட்சி என்றாலே கணக்கில் அது நகரம். ரப்பர் தோட்டமும் வாழைத் தோப்பும் நிறைந்த, அசல் கிராமமாகவே இருக்கிற ஊர்களும் இப்படி நகரக் கணக்கில் சேர்ந்துவிட்டன. 2005-ஆம் வருஷச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான் இருந்தது. ஆகவே ஒரே ஓடையின் இந்தக் கரையில் இருக்கிற ஊராட்சிக் குடும்பத்துக்கு வேலை அட்டை கிடைத்தது, அந்தக் கரையில் இருக்கிற பேரூராட்சிக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் வேலை ஒன்றுதான், கூலியும் ஒன்றுதான். அதனால் நகரம், கிராமம் என்ற பிரிவை வைத்துத் தொடங்காதீர்கள். என்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள் என்று பிரியுங்கள்.

நிதி ஆயோக் வெளியிடும் பல பரிமாண வறுமைக் குறியீடு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று மூன்று பகுதி, மொத்தம் 12 குறிகள். ஊட்டச்சத்துக் குறைவுக்கு ஆறில் ஒரு பங்கு மதிப்பு. சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், வீடு போன்ற ஏழு குறிகளுக்குத் தலைக்கு 21-இல் ஒரு பங்கு. இல்லாமைகளின் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் அந்தக் குடும்பம் ஏழை.

இதை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு தொழிலாளி வீட்டில் வைத்துப் பார்ப்போம். வார்ப்பு வீடு (கான்கிரீட் கூரை போட்டது), கரண்ட் உண்டு, டிவியும் பைக்கும் உண்டு, வங்கிக் கணக்கு உண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வீட்டுக்காரம்மாவுக்கு உடல் எடை குறைவு: ஆறில் ஒரு பங்கு, அதாவது 16.7 சதவீதம். விறகடுப்பு: 21-இல் ஒரு பங்கு, அதாவது 4.8. கழிப்பறை அண்ணன் குடும்பத்தோடு பொது: 4.8. கூட்டினால் 26.3 சதவீதம். 33.3-ஐத் தொடவில்லை, ஆகவே இவர்கள் ஏழை இல்லை. ஆனால் அந்த வார்ப்பு, நல்ல விலை இருந்த காலத்தில் கடன் வாங்கிப் போட்டது. தவணை இன்னும் ஓடுகிறது. மாசியில் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது வெட்டு நிற்கும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், மரத்துக்குப் பிளாஸ்டிக் மழைக்காப்பு ஒட்டாத தோட்டத்தில் கத்தியே எடுக்க முடியாது. அந்தக் குறியீடு தவறானது என்று நான் சொல்லவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்பதை அது பார்க்கிறது. வருமானம் எந்த மாதத்தில் அறுந்துபோகிறது என்பதைப் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தின் வறுமை பெரும்பாலும் அந்த அறுந்த மாதங்களில்தான் இருக்கிறது.

எனவே உங்கள் படிவத்தில் முதல் பக்கம் பன்னிரண்டு கட்டங்களாக இருக்கட்டும், மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் வேலை, கையில் வந்தது எவ்வளவு. "அக்டோபரில் எத்தனை நாள் போனீர்கள்?" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. மண்டைக்காட்டுக் கொடை, பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஓணம், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் என்று நாள் குறித்துக் கேளுங்கள். பதில் சட்டென்று வரும்.

கூலியை மட்டும் கேட்டுவிட்டு வருவது பெரிய தப்பு. நாள் கூலி 700 ரூபாயிலிருந்து 800 ஆகியிருக்கலாம். மாதத்தில் 20 நாள் கிடைத்த வேலை 15 நாளாகக் குறைந்திருந்தால், 14,000 வந்த இடத்தில் 12,000தான் வருகிறது. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) தோல் உரிக்கிற பெண்களிடமும் கிலோவுக்கு என்ன கூலி என்பதோடு, ஆபீஸ் எத்தனை நாள் திறந்திருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கிடைத்தது என்று கேட்க வேண்டும்.

கடற்கரையில் தேதியையே கவனிக்க வேண்டும். இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் இரண்டு இடத்திலும் கணக்கெடுத்தால் சின்னமுட்டம் ஏழையாகவும் குளச்சல் வசதியாகவும் தெரியும்; ஜூலையில் எடுத்தால் அப்படியே தலைகீழ். மீன்பிடிக் குடும்பத்தில் "சராசரியாக என்ன கிடைக்கும்?" என்று கேட்காதீர்கள். கடைசியாகக் கடலுக்குப் போன ஐந்து தடவை, டீசலும் ஐஸும் கழித்துத் தன் பங்குக்கு வந்தது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெறுங்கையோடு வந்த நாளும் அந்த ஐந்தில் ஒன்றுதான். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல்காரர்கள் பல வாரம் தங்கிப் பிடிப்பவர்கள். அங்கே ஒரு தடவை என்பது ஒரு பயணம்.

எந்தெந்த வீட்டுக்குப் போவது? 400 வீடு உள்ள வார்டில் 80 வீடு போதும். 1 முதல் 5 வரை சீட்டெழுதிக் குலுக்கி எடுங்கள். 3 வந்தால் மூன்றாவது, எட்டாவது, பதின்மூன்றாவது வீடு என்று ஐந்து ஐந்தாகப் போக வேண்டும். வீட்டு வரிப் பதிவேட்டை அப்படியே பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கால்வாய்க்கரைப் புறம்போக்கிலும் மலைச்சரிவிலும் கதவு எண் இல்லாத வீடுகள் உண்டு. முதலில் தெருத்தெருவாக நடந்து அவற்றையும் சேருங்கள். ஒரு கூரைக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்கக் கூடாது. பகலில் பூட்டியிருப்பது பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போன வீடு. நீங்கள் தேடுகிற வீடே அதுவாக இருக்கலாம். மாலை ஏழு மணிக்கு மேல், மூன்று முறையாவது போய்ப் பாருங்கள்.

செலவைக் கேட்கும்போது மீன், காய்கறி, எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள். அரிசி, வாடகை, கரண்டுக்கு 30 நாள். துணி, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிக்கு ஒரு வருஷம். தேசிய நுகர்வுச் செலவு ஆய்விலும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறார்கள். காசு கொடுக்காமல் கிடைத்ததை விட்டுவிடாதீர்கள். சொந்தப் பத்து சென்டில் பிடுங்கிய மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), முற்றத்துத் தேங்காய், கறிக்குக் கொண்டுவந்த சாளை மீன் எல்லாவற்றுக்கும் அன்றைய ஊர் விலை போட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் விளைவித்துச் சாப்பிடுகிறவர் வாங்கிச் சாப்பிடுகிறவரைவிட ஏழையாகத் தெரிவார்.

கடனைக் கடைசியில் கேளுங்கள், அயல்வீட்டார் இல்லாத நேரத்தில். "எவ்வளவு கடன்?" என்றால் வாய் மூடிக்கொள்ளும். "வாரத்துக்கு எத்தனை குழுவுக்குத் தவணை கட்டுகிறீர்கள்? அடகு நகையை மீட்டீர்களா, வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்தீர்களா?" என்று கேட்டால் பதில் வரும். ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் வாங்கியிருக்கிறார்களா என்பதைத் தனியாகக் குறியுங்கள். என் கணிப்பில், இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கிற பதில் படிவத்தின் மற்ற பக்கங்களைவிட அதிகம் சொல்லும்.

கணக்குப் போடும்போது சராசரியை நம்பாதீர்கள். ஐந்து வீட்டின் மாதச் செலவு 8,000, 9,000, 10,000, 12,000, 61,000 என்று வைத்துக்கொள்வோம். கடைசி வீட்டுக்கு வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. சராசரி 20,000, அப்படி ஒரு வீடே அங்கே இல்லை. வரிசையாக எழுதி நடுவில் நிற்கிற 10,000-ஐ எடுங்கள்.

அரசுப் பதிவுகள் கூடுதல் சான்றாக உதவும், தனியாக நிற்காது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு வருஷம் 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்பு வைத்தார்கள். மின் கட்டணம் வசதியைக் காட்டும் என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளில், ஒற்றைப் பல்பு எரிகிற வீடும் இருக்கும், சொந்தக்காரர் துபாயில் இருக்கப் பூட்டிக் கிடக்கிற மாளிகையும் இருக்கும்.

80 வீட்டில் 16 வீடு கஷ்டத்தில் இருந்தால் 20 சதவீதம். ஆனால் வார்டு முழுவதற்கும் அது 12-ஆகவும் இருக்கலாம், 28-ஆகவும் இருக்கலாம். அடுத்த வருஷம் வேறு 80 வீட்டைப் பார்த்து ஏறக்குறைய 17 சதவீதம் வந்தால், குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அதனால் அதே 80 வீட்டுக்கு, அதே மாதத்தில் திரும்பப் போங்கள். மாற்றம் தெளிவாகத் தெரியும். வாடகை கொடுக்க முடியாமல் காலி செய்து போன குடும்பத்துக்குப் பதிலாக, அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களை எழுதிவிட்டால் நிலைமை தேறியதுபோலப் பொய்யாகக் காட்டும். முதல் தடவையே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு உறவினரின் போன் நம்பரும் வாங்கி, பெயர்ப் பட்டியலைப் படிவத்தோடு சேர்க்காமல் தனியே பூட்டி வையுங்கள். அந்தக் குடும்பம் பக்கத்து ஊரில் இருந்தால் பேருந்து ஏறிப் போய்க் கேளுங்கள். வணக்கம்.