பின் இருக்கையில் ஒரு தும்மல்

வணக்கம் நேயர்களே. நான் ஒரு குழந்தை மருத்துவர். வெயிலில் நிற்கும் காருக்குள் சின்னக் குழந்தைகளைத் தனியே விடுவதைப் பற்றிப் பேசச் சொல்லி இந்த நிலையத்தார் கூப்பிட்டார்கள். புத்தி சொல்ல வந்திருக்கிறான் இவன் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காலையில் அவளைக் காப்பகத்தில் விடுவது எப்போதும் என் மனைவிதான். ஒருநாள் அவளுக்கு வேறு அவசரம். "இன்னைக்கு நீங்க விட்டுடுங்க" என்றாள். சரி என்றேன். குழந்தையைப் பின்பக்கம் அவளுடைய இருக்கையில் உட்காரவைத்து பெல்ட்டை மாட்டினேன். வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். எனக்கு முந்தின இரவு பணி, சரியாகத் தூங்கவில்லை. காப்பகத்துக்குத் திரும்பவேண்டிய முனை வந்தது, போனது. நான் நேரே மருத்துவமனைக்குப் போய், வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு, இறங்குவதற்காகக் கதவில் கையை வைத்தேன். பின்னால் ஒரு தும்மல்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தத் தும்மல் வராமல் இருந்திருந்தால் என்ற இடத்துக்கு என் மனம் இன்றுவரை போக மறுக்கிறது.

இப்படிப்பட்ட செய்தி ஒன்று எங்காவது வந்தால் உடனே எல்லோரும் கேட்கும் கேள்வி, "பெற்ற பிள்ளையை மறப்பார்களா?" என்பது. நானும் கேட்டிருக்கிறேன், தும்மலுக்கு முன்னால். அந்தக் கேள்விதான் இதில் பெரிய ஆபத்து என்று இப்போது நினைக்கிறேன். தனக்கு இது நடக்கவே நடக்காது என்று நம்புகிறவர் எந்த ஏற்பாடும் செய்துகொள்ள மாட்டார்.

காருக்குள் வெப்பத்தில் இறந்துபோகும் குழந்தைகளின் கணக்கை அமெரிக்காவில் 1998 முதல் விடாமல் எடுத்து வருகிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 37 குழந்தைகள். இதுவரை ஆயிரத்துக்கு மேல். அதில் பாதிக்கும் சற்றுக் கூடுதலானவர்கள், பெரியவர்கள் மறந்து விட்டுப்போன குழந்தைகள். மறந்தவர்களில் படித்தவர்கள், பொறுப்பானவர்கள், பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தவர்கள் எல்லோரும் உண்டு. இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. 1990களில் முன் இருக்கையில் ஏர்பேக் வந்தது. அது விரியும் வேகத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அதனால் குழந்தையைப் பின்னால் உட்காரவையுங்கள் என்றார்கள். கைக்குழந்தை என்றால் பின்பக்கம் பார்த்தபடி உட்காரவேண்டும். அது சரியான யோசனைதான், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குழந்தை ஓட்டுகிறவரின் கண்ணிலிருந்து மறைந்துபோனது. தூங்கிவிட்டால் காதிலிருந்தும்.

இது எப்படி நடக்கிறது என்பதை தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் டயமண்ட் என்ற மூளை ஆய்வாளர் பல காலமாக ஆராய்ந்து வருகிறார். நம் தலைக்குள் இரண்டு ஆட்கள் வண்டி ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பழக்கத்தின் ஆள். தினமும் போகும் வழியை யோசிக்காமலே போய்விடுவார். இன்னொருவர், "இன்றைக்கு மட்டும் இடையில் ஒரு வேலை இருக்கிறது" என்று நினைவில் வைத்துக்கொண்டிருக்கும் ஆள். தூக்கமின்மை, கவலை, வழக்கத்தில் ஒரு மாற்றம், இவை சேர்ந்தால் இரண்டாமவர் அசந்துவிடுவார், முதலாமவர் வண்டியை வாங்கிக்கொள்வார். வரும்போது மருந்து வாங்கிவரச் சொன்னார்கள் என்பது வீட்டு வாசலில் நின்ற பிறகுதானே நினைவுக்கு வருகிறது? அதே கோளாறுதான் இது. மருந்தா குழந்தையா என்று அந்த முதல் ஆளுக்குத் தெரியாது.

இதைவிடக் கொடுமை அடுத்தது. காப்பகத்தில் விடாத குழந்தையை அங்கே விட்டுவிட்டு வந்ததாக மூளையே ஒரு நினைவைச் செய்து வைத்துவிடும். அதனால்தான் பகல் முழுக்க நிம்மதியாக வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் குழந்தையைக் கூட்டிக்கொள்ளக் காப்பகத்துக்கே போய் நின்ற பெற்றோர் இருக்கிறார்கள்.

சரி, வண்டிக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து டாஷ்போர்டையும் இருக்கைகளையும் சுடவைக்கிறது. அவை காற்றைச் சுடவைக்கின்றன. அந்தக் காற்று வெளியே போக வழியில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே 22 டிகிரியிலிருந்து 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த நாட்களில் ஒரு காரை வெயிலில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணிக்குள்ளேயே முடிந்துவிட்டது. கண்ணாடியை ஒன்றரை அங்குலம் இறக்கிவிட்டும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. 22 டிகிரி என்பது வெயில் என்றே நாம் சொல்லாத இதமான நாள். அந்த நாளிலும் உள்ளே 40ஐத் தாண்டும்.

நிழலில் நிறுத்தினால்? அரிசோனாவில் 38 டிகிரிக்கு மேல் அடிக்கும் நாட்களில் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் காற்று 47 டிகிரி, டாஷ்போர்டு 69. நிழலில் நின்றவற்றில் காற்று 38. இரண்டு வயதுக் குழந்தையின் உடல் வெப்பம் அபாய அளவைத் தொட வெயிலில் சுமார் ஒரு மணி நேரம், நிழலில் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிட்டார்கள். நிழல் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், வியர்வை குறைவு. பெல்ட்டைக் கழற்றத் தெரியாது, கதவைத் திறக்கத் தெரியாது. உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக். 42ஐ நெருங்கினால் உறுப்புகள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கும். குழந்தை கடைசிவரை அழும் என்று எதிர்பார்க்கவேண்டாம். சோர்ந்துவிடும். பார்ப்பவருக்கு நன்றாகத் தூங்குவது போலவே இருக்கும்.

"ஐந்து நிமிடம்தானே, தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன்" என்று தெரிந்தே விட்டுப்போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. பத்து நிமிடத்திலேயே பத்துப் பதினோரு டிகிரி கூடிவிடும், கடை வரிசை உங்கள் ஐந்து நிமிடத்தை மதிக்காது. ஏசியைப் போட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். இன்ஜின் நின்றுபோகலாம், குழந்தை கியரை இழுக்கலாம், வேறு யாராவது வண்டியை ஓட்டிக்கொண்டே போய்விடலாம்.

இன்னொரு வகையைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ கால் பங்குக் குழந்தைகளை யாரும் உள்ளே விடவில்லை. பூட்டாமல் நின்ற காருக்குள் விளையாட்டாகத் தாங்களே ஏறியவர்கள். ஏறத் தெரிந்த குழந்தைக்கு இறங்கத் தெரியாது. பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. டிக்கிக்குள் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் கார் இருந்தால், நின்ற நேரமெல்லாம் அது பூட்டியிருக்கட்டும், சாவி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒரு குழந்தையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடங்கள், அடுத்தது கார்கள், டிக்கி உட்பட. தெருத்தெருவாகத் தேடுவது அதற்குப் பிறகு.

சில நாடுகள் சட்டம் போட்டுவிட்டன. இத்தாலியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைக் காரில் கூட்டிப்போனால், மறந்துவிடாமல் எச்சரிக்கும் கருவி ஒன்று 2019 நவம்பர் முதல் கட்டாயம். எனக்குப் பிடித்தது ஜப்பானின் ஏற்பாடு. அங்கே 2021இலும் 2022இலும் பள்ளி வேன்களில் விடப்பட்ட சின்னப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். 2023 ஏப்ரலிலிருந்து அந்த வண்டிகளில் பாதுகாப்புக் கருவி இருந்தே ஆகவேண்டும். அதில் ஒரு வகை, இன்ஜினை அணைத்ததும் கத்த ஆரம்பிக்கும். ஓட்டுநர் வண்டியின் கடைசிவரை நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். போகும் வழியில் ஒவ்வொரு இருக்கையும் கண்ணில் பட்டுவிடும் அல்லவா? ஞாபகம் வைத்துக்கொள் என்று அது சொல்வதில்லை. நடக்க வைக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் "பின் இருக்கையைப் பாருங்கள்" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. நல்லதுதான். ஆனால் அவற்றில் நிறைய, கிளம்பும் முன் பின்கதவு திறந்ததா என்பதை மட்டுமே கவனிப்பவை. குழந்தை இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன். மருத்துவமனை அடையாள அட்டையைக் குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் போட ஆரம்பித்தேன். அது இல்லாமல் எனக்குக் கதவு திறக்காது. செல்போன், கைப்பை, எது இல்லாமல் உங்களால் பத்தடி நகர முடியாதோ அதைப் பின்னால் போடுங்கள். குழந்தை வண்டியில் இல்லாத நாளிலும் போடுங்கள். தினமும் செய்தால்தானே அந்தப் பழக்கத்தின் ஆள் கற்றுக்கொள்வார்! அப்புறம், காப்பகத்தோடு ஓர் உடன்பாடு வேண்டும். சொல்லாமல் குழந்தை வராவிட்டால் உடனே கூப்பிடவேண்டும், அப்பா எடுக்காவிட்டால் அம்மாவை, யாராவது எடுக்கும்வரை.

பூட்டிய காரில் யாரோ ஒருவருடைய குழந்தை தனியாக இருப்பதைப் பார்த்தால் சொந்தக்காரர் வரட்டும் என்று நிற்காதீர்கள். அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அக்கம்பக்கத்தில் குரல் கொடுங்கள். குழந்தை அசையாமல் கிடந்தால் கண்ணாடியை உடைக்கவேண்டியதுதான். முன்கண்ணாடி நொறுங்காது. குழந்தையிடமிருந்து தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியை, அதன் மூலையில் அடிக்கவேண்டும். வெளியே எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய், துணிகளைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீரை விட்டு விசிறுங்கள். மயங்கிய குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மருந்தும் கொடுக்காதீர்கள். உடம்பு கொதித்தால் பாரசிட்டமால் என்று கை தானாகப் போகும், ஆனால் இது காய்ச்சல் இல்லை, அந்த மருந்து இதற்குக் கேட்காது.

அன்று சாயங்காலம் நடந்ததை மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் குழந்தையைக் கூட்டிப்போன நாட்களில் எல்லாம் போன் வரும். "விட்டாச்சா?" என்ற ஒரே சொல், அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்றைக்கு இந்த நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தியபோதும் பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு குடையும் பழைய செய்தித்தாளும் கிடந்தன.

வணக்கம்.