பட்டணத்தைப் பையில் போட்டு

நேயர்களுக்கு வணக்கம். சென்னை மாநகரப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சராக இருக்கிறாள் என் தங்கை மகள். "மாமா, எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேர் சென்னையைப் பார்த்ததே இல்லை. நீங்க வந்து காட்டுங்களேன்" என்றாள். பிள்ளைகளை இங்கே அழைத்து வர வழியில்லை. சரி, பட்டணத்தைப் பையில் போட்டுக்கொண்டு போவோம் என்று கிளம்பினேன்.

கடையில் கிடைக்கும் படங்கள் இதற்கு உதவாது. சென்ட்ரல் ஸ்டேஷனும் ரிப்பன் மாளிகையும் அவற்றில் ஆளே இல்லாமல் பளபளவென்று நிற்கும். கட்டடம் எத்தனை உயரம் என்பது பக்கத்தில் ஒரு மனுஷர் நின்றால்தானே தெரியும்? அதனால் 29சி வண்டியில் பயணியாக ஏறி, பெரம்பூரிலிருந்து லஸ், அடையாறு வழியாக பெசன்ட் நகர் வரை கைபேசியிலேயே படம் எடுத்தேன். அவற்றைப் பிரின்ட் போட்டு வகுப்புச் சுவரில் அதே வரிசையில் ஒட்டினோம். என் பழைய விசிலையும் மிச்சமிருந்த டிக்கெட் கட்டையும் கொடுத்ததும், ஆளாளுக்கு நடத்துநராகி விட்டார்கள். விசிலுக்கு நடந்த சண்டையைத் தனி உரையாகவே பேசலாம்.

பையில் மெரினா மணலும், சிப்பிகளும், ஒரு பாட்டில் கடல்நீரும் இருந்தன. மெட்ரோ டோக்கன் ஒன்று கொண்டுபோக ஆசைதான். ஆனால் அப்போதெல்லாம் வெளியே வரும்போது அதைப் போட்டால்தான் கதவு திறந்தது. படம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் அதிக நேரம் நின்றது ஐஸ் ஹவுஸ் படத்தின் முன்னால். 1842-இல் கட்டிய கட்டடம். விவேகானந்தர் 1897-இல் தங்கியது அங்கேதான். அதற்கு முன் அது ஐஸ் கிடங்கு. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும், பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி மதராசுக்கு அனுப்பினார்கள். "அவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள உருகாதா தாத்தா?" என்றாள் ஒரு சிறுமி. மரத்தூளில் பொதிந்து அனுப்பினார்கள் என்றேன். நம்பவில்லை. மறுநாள் டீச்சர் ஒரு ஐஸ்கட்டியை மரத்தூளிலும் இன்னொன்றை வெறும் தட்டிலும் வைத்துக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

2019 கோடையில் எங்கள் தெருவில் எடுத்த படம் ஒன்றையும் வைத்திருந்தேன். தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்கள், சிவப்பும் பச்சையுமாக நீண்ட வரிசை. பட்டணத்தின் பெருமையை மட்டும் காட்டினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், கேள்வி வராது என்பது என் எண்ணம். இந்தப் படத்துக்குக் கேள்விகள் கொட்டின. அந்த ஜூலையில் ஐம்பது டேங்கர் பெட்டிகளில் சுமார் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து இறங்கியது. எங்கிருந்து தெரியுமா என்று கேட்டுவிட்டு, "ஜோலார்பேட்டை" என்றேன். வகுப்பே கூச்சல். மலையிலிருந்து இறங்கினால் அவர்கள் ரயில் ஏறும் ஊர் அது! நம்ம ஸ்டேஷன்லயிருந்தா, பட்டணத்துக்கா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு சுவரில் இருந்த ஒவ்வொரு படத்துக்கும், இது எங்கிருந்து வருது, அது எங்கிருந்து வருது என்றே விசாரணை. பால் பாக்கெட் வரைக்கும் பதில் சொன்னேன். ஃபிளாட்டின் கண்ணாடி எங்கே செய்தது என்றதும் டீச்சரைக் கை காட்டிவிட்டேன்.

இப்போது அவர்கள் என் பேத்தியின் வகுப்புக்கு ஒரு பை தயார் செய்கிறார்கள். சாமைக் கதிர், புளியங்கொட்டை, காவலூர் வானாய்வுக் கூடத்தின் படம் எல்லாம் உண்டு. தேன் பாட்டிலும் வைக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதம். தபாலில் போட்டால் கசியும், திருப்பத்தூரில் பஸ் நடத்துநரிடம் கொடுத்துவிடுங்கள், இங்கே நானே போய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வணக்கம்.