துருசைத் திறந்தவர் வரம்பில் நிற்க வேண்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வயல் வேலையை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு வந்து இந்தச் சனசமூக நிலைய முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அப்பாமாரே, அம்மாமாரே, இந்த வருசம் விண்ணப்பம் போடக் காத்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்குப் பெற்றோர் செய்ய வேண்டியது வழிகாட்டுவதா, வழிவிடுவதா? இதுதான் இன்றைக்குத் தலைப்பு. வழிவிடுவதே என்ற அணியில் நான் நிற்கிறேன். இருபது வருசத்துக்கு மேலாக உயர்தர வகுப்பில் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருசமும் பெறுபேறு வந்தபின் பிள்ளைகளோடு இன்ரநெற் இருக்கிற கொமினிகேசன் கடையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறேன். அந்தக் கடை வாங்கில் கண்டதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு உவமை சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள். "குளத்துத் துருசை, அந்த மதகைத் திறந்துவிட்டு, போகிற பக்கம் போ என்று எந்த விவசாயியாவது தண்ணீரிடம் சொல்வானா? வாய்க்கால் வெட்டினால்தான் தண்ணீர் வயலுக்கு வரும்" என்றார். நல்ல உவமை. இரணைமடுத் தண்ணீரிலும் முத்தையன்கட்டுத் தண்ணீரிலும் வயல் செய்கிற சனத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய உவமைதான்.

ஆனால் வாய்க்கால் வெட்டத் தொடங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்றுதானே? மேட்டுக்கு வாய்க்கால் வெட்டினால் எத்தனை அடி ஆழமாய் வெட்டினாலும் தண்ணீர் ஏறாது. சரிவைத் தீர்மானித்தது நீங்களல்ல, அது நிலத்திலேயே இருக்கிறது. பிள்ளையின் மனம் எந்தப் பக்கம் சரிகிறது என்பதும் அப்படித்தான்.

அப்புறம் இன்னொன்று. துருசைத் திறந்தவர் வீட்டுக்குப் போய்ப் படுப்பதில்லை. இரவிரவாக ரோச் லைற்றும் மண்வெட்டியுமாக வரம்பில் நிற்பார். நண்டு வளையால் தண்ணீர் ஒழுகினால் மண் வைத்து அடைப்பார். வழிவிடுவது என்று எங்கள் அணி சொல்வது இந்த நிற்றலைத்தான். "வழிவிடுவது என்றால் கைவிடுவது" என்று எதிரணித் தம்பி சொன்னதை என்னால் ஏற்க முடியாது. வரம்பில் நிற்பவர் தண்ணீரைக் கைவிட்டவரா, ஐயா?

சரி, கடைக்கு வருகிறேன். இரண்டு வருசத்துக்கு முன் ஒரு பிள்ளை, கணிதப் பிரிவு. அப்பாவோடு வந்திருந்தாள். அப்பாவின் விரல் இடுக்கில் உழவு இயந்திரத்து ஒயில் காயவில்லை. அவளுக்கு நில அளவையியல் படிக்க ஆசை. அது சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில், பெலிகுலோயாவில் இருக்கிறது. ஏன் அந்த ஆசை என்று கேட்டேன். மீள்குடியேறி வந்த புதிதில் அவர்களுடைய காணியை அளக்க முக்காலி வைத்த கருவியோடு ஆட்கள் வந்தார்களாம். அவளுக்கு அப்போது எட்டு வயது. "தங்கச்சி, இதைப் பிடி" என்று அளவு நாடாவின் ஒரு நுனியை அவள் கையில் கொடுத்தார்களாம். அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு வேலி மூலையில் நின்றதைச் சொல்லும்போது, அவள் கை தானாகவே மூடிக்கொண்டது. எல்லைக் கல் எது, யாருடைய காணி எது என்று தெரியாமல் கந்தோர் கந்தோராக அலைந்த ஊர் இது. அந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு நிலத்தை அளக்கிற படிப்பில் மனம் போனதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

அப்பா நல்ல மனிதர், பிள்ளையில் உயிர். ஆனால் பெலிகுலோயா எங்கே, எங்கள் ஒட்டுசுட்டான் எங்கே? "முதலாவதாக வவுனியாப் பல்கலைக்கழகத்தைப் போடு பிள்ளை. பம்பைமடுதானே, பஸ்ஸில வந்து போகலாம். மற்றது கிடைக்காது, கீழே போட்டு வை" என்றார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடமும் போனில் கேட்டிருக்கிறார். அவர் தன் மகனுக்கு வந்த வெட்டுப்புள்ளியை, அதாவது ஒரு படிப்புக்குக் குறைந்தது எடுக்க வேண்டிய புள்ளியை வைத்து, அந்தப் புள்ளிக்கு நில அளவை வராது என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வவுனியாவை முதலாவதாகப் போட்டாள்.

இந்த இடத்தில் பெற்றோர் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வருசமும் பிழைக்கிற இடம் இதுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பிள்ளை எழுதிய விருப்ப வரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. எந்தப் படிப்புக்கு அவளுடைய உயர்தரப் பெறுபேற்று இசட் புள்ளி முதலில் போதுமோ, அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதைப் பார்க்காது. ஆகவே பெரிய ஆசையை மேலே போட்டதால் கீழே இருக்கிற சின்னது பறிபோய்விடாது. ஆனால் சின்னதை மேலே போட்டால், கீழே இருக்கிற ஆசைக்குப் புள்ளி இருந்தாலும் அது கிடைக்காது.

யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளியைக் கொண்டு எங்கள் முல்லைத்தீவை அளக்கவும் முடியாது. பெரும்பாலான படிப்புகளில் 100 இடங்கள் என்றால் 40 நாடு முழுவதுக்கும் திறமை அடிப்படையில் போகின்றன. 55 இடங்கள் சனத்தொகையைப் பார்த்து மாவட்டங்களுக்குப் பிரிகின்றன. மிச்சம் 5, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால்தான் ஒரே படிப்புக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறுகிறது. எல்லாமே ஆணைக்குழுவின் கையேட்டில் இருக்கிறது, தமிழிலும் வருகிறது. அந்தப் பிள்ளை அதைப் பக்கம் பக்கமாக வாசித்திருந்தாள். அப்பா வாசிக்கவில்லை. வாசித்தவள் பேசாமல் இருந்தாள், வாசிக்காதவர் வழிகாட்டினார்.

வெட்டுப்புள்ளி வந்தது. எங்கள் மாவட்டத்துக்கு நில அளவையியலுக்கு வந்த புள்ளியைவிட அவளுடைய புள்ளி கூடுதல். ஆனால் அவள் பெயர் வவுனியாவுக்கு வந்துவிட்டது. அங்கே நன்றாகத்தான் படிக்கிறாள். நல்ல பல்கலைக்கழகம். 1991இல் இணைந்த கல்லூரியாகத் தொடங்கி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது; எங்கள் மண்ணுக்குப் பெருமை. குறை பல்கலைக்கழகத்தில் இல்லை. அதை விரும்பி முதலாவதாகப் போடுகிற பிள்ளையின் இடம் அது. அவளுடைய இடம் இன்னொன்று. வெட்டுப்புள்ளி வந்த அன்று அந்த அப்பா கடை வாசலில் நின்று என்னிடம், "நான் பயத்தில சொன்னனான் ரீச்சர், அவளுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

எதிரணி அம்மா கண் கலங்கிக் கேட்டார்கள்: "போரில் எங்கள் படிப்பு போனது. எங்கள் பிள்ளைக்கும் போகாமல் இருக்க நாங்கள்தானே வழிகாட்ட வேண்டும்?" அம்மா, அந்த வலி எனக்கும் உண்டு. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். மரத்தடியில் வகுப்பு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், ஜாம் போத்தல் விளக்கில் திரியை இறக்கி வைத்துப் படிப்போம். என்னோடு படித்த எத்தனையோ பேர் சோதனை மண்டபம் வரைக்கும் வரவில்லை. இன்று பெற்றோராய் இங்கே இருப்பவர்களில் பலருக்கு விண்ணப்பப் படிவத்தைக் கண்ணால் பார்க்கவே கொடுத்து வைக்கவில்லை. இப்போது விண்ணப்பிக்கிற பிள்ளைகள் 2009இல் உங்கள் இடுப்பில் இருந்த பிள்ளைகள். அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய கை, விடு என்றால் விடாது. எனக்கு அது விளங்குகிறது.

ஆனால் எங்களுக்குக் கிடைக்காமல் போனதை அவர்களுடைய படிவத்தில் எழுதக்கூடாது. டொக்டராக ஆசைப்பட்டது அப்பா. உயிரியல் பிரிவில் மூன்று தரம் சோதனை எழுதுவது மகன். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கு. மூன்றாம் தரமும் முடிந்த பிறகு "எனக்கு வர்த்தகம்தான் விருப்பம்" என்று என்னிடம் சொன்ன பையன் இருக்கிறான். ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா கேக்கேல்லையே ரீச்சர்" என்றான்.

என் அப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வன்னியை விட்டு வெளியே போக பாஸ் எடுக்க வேண்டிய காலம் அது. என் பெறுபேறு வந்த அன்று மால் குந்தில் இருந்துகொண்டு சொன்னார்: "நீ என்ன படிக்கப்போறாய், எங்க படிக்கப்போறாய் எண்டு சொல்லு. எப்பிடி அனுப்புறது எண்டு நான் யோசிக்கிறன்." அவ்வளவுதான். நான் வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம் என்றேன். இரண்டு மாடு விற்றார். பாஸுக்கு நடந்தார். என்ன படிப்பு என்பது என் பக்கம், எப்படி அனுப்புவது என்பது அவர் பக்கம். நான் கேட்கிற வழிவிடுதலுக்கு இதைவிட வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

செலவைப் பற்றி எதிரணியில் சொன்னார்கள். உண்மைதான், அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் காசுதான். ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் வேறு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். அதற்கான கடிதங்களைக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரத்துக்கு எடுத்துக் கொடுங்கள். பெற்றோரின் கை தேவைப்படுகிற இடம் அது.

பகிடிவதையை, அந்த ராகிங்கைப் பற்றிச் சொன்னபோது எதிரணியோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். 1998இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, இருந்தும் பயம் போகவில்லை. பெண் பிள்ளையை அனுப்புகிற தாய்க்கு நித்திரை வராது. ஆனால் கிட்ட இருக்கிற பல்கலைக்கழகம் என்பதால் அது இல்லாமல் போய்விடுமா? பிள்ளையைக் காப்பாற்றுவது அவள் எந்த நேரமும் வீட்டுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொல்ல முடிகிறதா என்பதுதான். "நீங்கள்தானே அனுப்பினீங்கள்" என்று மனதுக்குள் கோபம் வைத்திருக்கிற பிள்ளை சொல்லமாட்டாள். "உன் விருப்பத்துக்குத்தானே போனாய், அனுபவி" என்று சொல்லிவிடுவார்கள் என்று பயப்படுகிற பிள்ளையும் சொல்லமாட்டாள். வழிவிட்ட வீட்டில் அந்த இரண்டாவது வசனம் ஒருநாளும் வாயில் வரக்கூடாது. இதை எங்கள் அணிப் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடம் கிடைக்காத பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்துக்குப் பக்கத்திலேயே ஜேர்மன் ரெக் என்கிற தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வவுனியா பூந்தோட்டத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுகிற கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே போகிறேன் என்று பிள்ளை சொன்னால், ஊருக்கு என்ன சொல்வது என்று முகத்தைத் தூக்காதீர்கள்.

கடைசியாக ஒரு அப்பா. கரைவலை இழுக்கிறவர். மகளுக்கு நாடகமும் அரங்கியலும் படிக்க வேண்டும், மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில். "நாடகம் படிச்சு என்ன உத்தியோகம்?" என்று ஊரே கேட்டது. அவருக்கும் அதற்குப் பதில் தெரியாது. ஆனால் என்னிடம் வந்து கேட்டது வேறு: "ரீச்சர், அதுக்குத் தனியா ஒரு சோதனை வைப்பினமாம். எப்ப, எங்க விண்ணப்பிக்கிறது?" உளச்சார்புப் பரீட்சையைத்தான் சொன்னார். பொது விண்ணப்பத்தோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்துத் தவறவிடுகிற பிள்ளைகள் ஏராளம். அவர் பத்திரிகை பார்த்துத் திகதியைப் பிடித்தார்.

அந்தச் சோதனை நாளில் நானும் வேறொரு மாணவியோடு அங்கே போயிருந்தேன். அவர் வாசலுக்கு எதிரே நிழலில் நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள், பாடசாலைக் கூத்துக்கு வாங்கிய சான்றிதழ்கள், இரண்டு படம் கூடுதலாக. மகள் உள்ளே கூப்பிடுவதற்கு முன் ஓடி வந்தாள். எப்படிப் பேசு, என்ன நடி என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. பையை நீட்டி, "எல்லாம் இருக்கோ எண்டு நீயே ஒருக்கா பார்" என்றார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். "இருக்கப்பா" என்றாள். உள்ளே போனாள். அவர் அதே நிழலில் நின்றார், பின்னேரம் வரைக்கும்.

நடுவர் ஐயா, உங்கள் தீர்ப்பை அந்த அப்பாவின் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.